தங்கச்சிக்கு நான் செய்துவைத்த முதல் கலியாணம்

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் தொல்லையில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் வீட்டில் கட்டிப்போட வேண்டும். என்னை ஒருவரும் கட்டிப்போடவில்லை.

ஸ்பெயினில் வேலை செய்யும் என் தங்கச்சி வாணி, அந்த நாட்டுப் பெடியன் மிகேலைக் கலியாணம் செய்ய எங்கள் ஊரான பண்டத்தரிப்புக்கு வந்திருந்தாள். கூடவே மிகேலின் தாய் கார்மென். நான் சில மாதங்களாகக் கைப்பேசியில் ஸ்பானியம் படித்துக்கொண்டிருந்தேன். (கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயன் எங்களுக்கு விட்டுவிட்டுப் போன சொற்கள், ஸ்பானியன் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன், பிறகென்ன கஷ்டம் என்பது என் நினைப்பு.) மொழிபெயர்ப்பாளர் பதவியை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முதல் நாள், அம்மா மறித்தும் கேளாமல் மச்சான் சுதனோடு வான் வண்டியில் கொடிகாமம் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவந்த வாணி, களைத்துப்போய் அறைக்குள் படுத்துவிட்டாள். மிகேல் அப்பாவோடு காங்கேசன்துறைக் கடல் பார்க்கப் போயிருந்தான். வாணி எங்கே என்று கார்மென் என்னிடம் கேட்டார்.

ஸ்பானியத்தில் 'கன்சாதா' என்றால் களைத்தவள். 'கசாதா' என்றால் கலியாணம் முடித்தவள். வித்தியாசம் நடுவில் ஒரு 'ன்'. அதை நான் விழுங்கிவிட்டேன்.

கார்மெனின் முகம் வெளிறியது. யாரோடு என்று கேட்டார். யாரோடு அலைந்து களைத்தாள் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, முற்றத்தில் பூசணிக்காய் இறக்கிக்கொண்டிருந்த சுதனைக் காட்டினேன். "இன்று காலையில்" என்று மேலதிக விபரமும் கொடுத்தேன். சுதன் ஒன்றும் விளங்காமல், வியர்வை வழியக் கைகூப்பிச் சிரித்தான்.

கார்மென் அழுதுகொண்டே பெட்டி அடுக்கத் தொடங்கினார். அம்மா பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"என்னடா சொன்னனி அவவுக்கு?"

"பிள்ளை களைச்சுப்போனாள் எண்டு சொன்னனான். பாசக்கார மனிசி, தாங்கேலாமல் அழுறா."

அழுகைச் சத்தத்தில் வாணி எழும்பினாள். கார்மெனிடம் போய் விசாரித்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, என்னைச் சுதன் மச்சானுக்குக் கட்டிவைச்சிட்டு இஞ்ச இருந்து தேத்தண்ணி குடிக்கிறியோ?"

அவள் விளக்கம் சொன்ன பிறகு கார்மென் சிரித்த சிரிப்பு, பெட்டியில் அடுக்கியதையெல்லாம் திரும்ப வெளியே எடுத்து முடிக்கும்வரை ஓயவில்லை. அடுத்த நாள் கலியாணம் சரியான மாப்பிள்ளையோடு நடந்தது. சுதனின் மனைவி மட்டும் இன்றுவரை என்னோடு அளந்துதான் கதைக்கிறாள்.

கார்மென் இப்போது கொஞ்சம் தமிழ் படித்திருக்கிறார். வீடியோவில் வந்தால் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக் கேட்பார்:

"தம்பி, களைச்சிட்டீரோ? கலியாணம் முடிச்சிட்டீரோ?"

வீடே சிரிக்கும். முதலாவதற்கு ஓம் என்பேன். இரண்டாவதற்கு இன்னும் இல்லை என்பேன். இந்தக் கதை ஊருக்குள் பரவியதிலிருந்து எந்தக் கலியாணத் தரகரும் எங்கள் படலையைத் திறப்பதில்லை. என்னைத் தொழிலில் போட்டியாளன் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.