பொதுப்பெட்டி அண்ணனும் இரண்டாவது டிக்கெட்டும்

புதுச்சேரியில் எதையும் இரண்டாக வைத்துக்கொள்ளாத ஒரே பிறவி எங்கள் பொதுப்பெட்டி அண்ணன்தான். நெல்லித்தோப்பில் அவர் வீட்டில் ஐந்து பேர், சீப்பு ஒன்று. விசேஷ நாட்களில் தலைவார வரிசையில் நிற்பார்கள் என்று கேள்வி.

மூலக்குளத்தில் சிமெண்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஜாவா சர்வரைப் பன்னிரண்டு மாட்யூலாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தோம். டிக்கெட் என்றால் என்ன, பயணி என்றால் யார் என்று எல்லா மாட்யூலுக்கும் சொல்லும் ஏபிஐ, சர்வரின் பொதுப்பெட்டியில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும். அதற்குக் காவல் அண்ணன்.

"பொட்டியில இருக்கறத பாத்து எழுதிக்கோங்க. உங்க மாட்யூலுக்குள்ள இன்னொண்ண மூட்ட கட்டி எடுத்தாந்தீங்க, கைய ஒடச்சிடுவேன்!"

சாப்பாட்டு மேஜையிலும் இதே சட்டம். நான்கு பேர் ஊறுகாய் கொண்டுவந்தால் மூன்று பாட்டிலைப் பிடுங்கி டிராயரில் பூட்டிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போவேனா என்பது இந்த சர்வரை வாங்கவிருந்த பஸ் முதலாளிக்குக் காட்டும் டெமோவைப் பொறுத்தது. பெட்டியில் இருந்தது பழைய ஏபிஐ; எனக்கு வேண்டிய வசதியோ அதற்குப் பின் வந்த புது ஏபிஐயில்தான் இருந்தது. அண்ணனிடம் கேட்கப் பயம். ஓசைப்படாமல் அதை என் மாட்யூலுக்குள் செருகிவிட்டேன். தனியாக ஓட்டியபோது ஜோராக ஓடியது.

டெமோவில் பஸ் முதலாளி பட்டனைத் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. "டிக்கெட்டை டிக்கெட்டாக மாற்ற முடியாது" என்றது சர்வர். பெட்டியில் ஒரு டிக்கெட், என் மாட்யூலில் ஒரு டிக்கெட். இரண்டையும் ஒன்றென்று ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது.

"டிக்கெட்டே டிக்கெட் இல்லன்னா, என் பஸ்ஸு?" என்றார் பஸ் முதலாளி கவலையோடு.

அண்ணன் ஓடிவந்து என் மாட்யூலைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு பண்ண வேல இது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நாந்தான் சார்" என்றார் அண்ணன்.

ஆபீஸே வாயைப் பிளந்தது. மேனேஜருக்குத் திட்டவே வரவில்லை. "நீங்களா? ரெண்டாவது ஒண்ண நீங்களா வெச்சீங்க?" அண்ணன் காது சிவக்கத் தலையாட்டினார்.

அப்புறம் என் பிரதியைத் தூக்கியெறிந்து, பெட்டியிலேயே புது ஏபிஐயைப் போட்டு, பன்னிரண்டு மாட்யூலையும் சாப்பிடாமல் உட்கார்ந்து சோதித்தார். சாயங்காலம் பஸ் முதலாளி கையாலேயே டிக்கெட் விழுந்தது. என் வேலையும் நிலைத்தது.

படியிறங்கும்போதுதான் கேட்டார்: "ஏம்பா, ஒரு வார்த்த கேட்டிருந்தா எல்லாத்துக்குமே மாத்திக் குடுத்திருப்பேனே. நான் என்ன அவ்ளோ கெட்டவனா?"

"இல்லண்ணே" என்றேன். இன்றும் அவரை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. பிறகு, உடனே போன் போட்டு அவர் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.