நாற்பத்து மூன்று கிளாம்பழங்கள்

என் கோபத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அது சரியான காரணமா என்று மட்டும் கேட்கக்கூடாது. ஆறு வருடங்களுக்கு முந்திய அந்தச் சனிக்கிழமையிலும் காரணம் இருந்தது. நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கினால் இதைவிட மோசமாக இருக்கும்.

அதற்கும் மூன்று வருடங்களுக்கு முன், சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முற்றத்துக்குக் கல் பதிக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. இலை கொட்டியதுதான் குற்றம் என்று நிழல் தந்த மரங்களையெல்லாம் தறித்தார்கள். தறித்த கையோடு, "என்ன வெக்கை இது" என்று மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் நான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதுகிற பிள்ளையைக்கூட மன்னித்துவிடுவேன், இவர்களை முடியவில்லை. எங்கள் முற்றம் குருவிக்கும் வண்ணாத்திப்பூச்சிக்கும்தான், ஒரு கல்லும் உள்ளே வராது என்று அறிவித்தேன். (மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது என்று வீட்டுக்காரர் கேட்டார்.)

அந்த நாட்களில் பாலமுனையில் என் தம்பியின் காணியை மண் வாரும் பெக்கோ இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கினார்கள். கடற்கரை மணலில் தானாக முளைத்து வளர்ந்த கிளாப் பற்றைகள் வேரோடு புரண்டு கிடந்தன. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, கறுத்த பழம், ஊசி மாதிரி முள். அதில் ஒரு சின்னக் கன்றைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் மதிலோரம் நட்டேன்.

மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்குள் யாராவது முள் வளர்ப்பார்களா என்று மாமி கேட்டார். கொய்யா வைத்தால் நாமாவது தின்னலாமே என்றார் வீட்டுக்காரர். எல்லாருக்கும் கத்திக் கத்திப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் வருடம் பூத்தது. பிறகு காய்த்தது. நான் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் செடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் குந்திக்கொண்டு குருவிகளுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. (பக்கத்தில் ஓர் ஆள் முறைத்துக்கொண்டு குந்தியிருந்தால் எந்தக் குருவி வரும்? கணக்கு டீச்சருக்கு அது விளங்கவில்லை.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்ணிப் பார்த்தேன். நன்றாகக் கறுத்த பழம் நாற்பத்து மூன்று. சனிக்கிழமை சமையல் வேலை முடிந்து பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பழம் ஒன்றும் இல்லை. பச்சைக் காய்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அடுத்த வீட்டு பௌசியாதான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். போன கிழமைதான் அவள் மதிலால் எட்டிப் பார்த்து, இதில் அச்சாறு போட்டால் நல்ல ருசியாக இருக்கும் என்றிருந்தாள். வேறு என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சும்மா இருங்கள் என்றேன். கொடியில் காய்ந்த வெள்ளைச் சால்வையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு நடந்தேன்.

பௌசியா வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. படியில் நிறையச் செருப்புகள் கிடந்தன. கோபம் வந்தால் கண் தெரியாது என்பது பொய். எல்லாம் நன்றாகத் தெரியும், நிற்கத்தான் முடியாது.

மண்டபத்தில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். பௌசியாவின் மகள் சிஃப்னா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். பெண் பார்க்கப் பாலமுனையிலிருந்து வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் வருகிறவர்கள் பெண்ணை மட்டுமல்ல, வீட்டையும் கிணற்றையும் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தையும் பார்ப்பார்கள். அன்று அந்த அக்கம்பக்கம் நேரடியாகவே உள்ளே வந்துவிட்டது.

"பௌசியா, நாப்பத்து மூணு பழம். மூணு வருசம் தண்ணி ஊத்தினது நான். கேட்டிருந்தா தந்திரிப்பன். களவெடுத்துத்தான் அச்சாறு போடணுமா?"

பௌசியாவின் முகம் வெளுத்தது. சிஃப்னா தட்டோடு இரண்டடி பின்னுக்குப் போனாள். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நான் தொடர்ந்தேன். அவர்கள் பதித்த முற்றத்துக் கல், தறித்த வேம்பு, ஊரின் வெக்கை, மனிதனின் பேராசை என்று ஒன்றையும் விடவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா ஓரமாக இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அது என்ன பழம் மகள்?"

"கிளாம்பழம்."

"என்னத்துக்கு நட்டீங்க?"

"குருவி திங்க," என்றேன், தலையை நிமிர்த்தி.

அவர் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப குருவிதான் திண்டிரிக்கி. முக்காட்டு நுனிய முன்னுக்கு இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சால்வையில் நாலைந்து இடத்தில் கத்தரிப்பூ நிற எச்சம். ஒவ்வொன்றிலும் விதை. ஒன்று இன்னும் காயவில்லை.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. கடைசிவரை சிரிக்காதவள் பௌசியா மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "விடியத் தேத்தண்ணி குடிக்கக்குள்ள கொண்டைக்குருவி ஒரு கூட்டம் வந்து திண்டிச்சி. சொல்லத்தான் வந்த. நீ உட்டாத்தானே." நான் மூன்று வருடம் காத்திருந்த காட்சியை இந்த மனிதர் தேத்தண்ணீரோடு இருந்து பார்த்திருக்கிறார். அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஆனால் பாலமுனைக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கிழமை போனது. இரண்டாம் கிழமையும் போனது. பதில் இல்லை. பௌசியா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். சிஃப்னா வீங்கின கண்ணோடு முற்றம் கூட்டுவதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் படிப்பித்தவளும் நான்தான். அன்றைக்குத்தான் என் வாயின் மீதே எனக்குக் கோபம் வந்தது.

தம்பியின் மனைவியைக் கூட்டிக்கொண்டு பாலமுனைக்குப் போனேன். பிழை முழுக்க என்னுடையது, அந்தக் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை, என்னால் ஒரு நல்ல பிள்ளையின் கலியாணம் தடைப்படக்கூடாது என்று அந்த உம்மாவிடம் சொன்னேன்.

அவர் எனக்கு முன்னால் வட்டிலப்பத்தைத் தள்ளி வைத்தார். "மகனுக்கு எப்பவோ சம்மதம். அடுத்த வீட்டாள் பிழைய ஒத்துக்கிற ஆளா எண்டு பாத்திட்டிருந்த. அவன் அங்கதானே இரிக்கப் போறான்."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. என்னைச் சோதிக்க ஒரு பிள்ளையை இரண்டு கிழமை அழ விடுவதா? வாயைத் திறந்தேன். தம்பியின் மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். வட்டிலப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கலியாணம் நடந்தது. பௌசியா அந்த வருடமே என்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளை அடுத்த வீட்டில்தான் இருக்கிறார், தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் வாசல் கேட்டடியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். "ஒண்டும் எடுக்கல்ல டீச்சர்." வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் இருமல் வரும்வரை சிரிப்பார்.

போன பெருநாளைக்கு அந்த உம்மாவும் வந்திருந்தார். போகும்போது கேட்டடியில் நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல், தன் கைப்பையைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பைக்குள் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டேன்.