சவிரி மாமாவின் வள்ளத்துக்கு நான் வைத்த பெயர்

ஒரு நாவல் தன் வாழ்க்கையை மாற்றிவிட்டதாக யாராவது சொன்னால் நான் உடனே நம்பிவிடுவேன். ஒரு நாவலால் ஒரு வள்ளம் மூன்று வாரம் மணலில் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். கிடத்தியவனும் நான்தான்.

நாவலாசிரியர் எப்போதோ காலமாகிவிட்ட ஒரு வெளிநாட்டவர். மனிதர்களைச் சந்திரனுக்கு அனுப்பினார், பூமியின் வயிற்றுக்குள் இறக்கினார், மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலொன்றில் கடல்களையெல்லாம் சுற்றவைத்தார். எல்லாம் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடியே. அவருடைய பெயரையும் அந்தக் கப்பலின் பெயரையும் அச்சில் போடக்கூடாது என்பது சவிரி மாமாவின் நிபந்தனை. (பத்திரிகையில் இருந்த காலத்தில் பெரிய ஆட்கள் கேட்டுக்கூட நான் பெயரை மறைத்ததில்லை. மாமா வேறு.)

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம். எனக்கு இருபத்துமூன்று வயது. கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து ஐந்து மாதம். அம்மாவின் தம்பியான சவிரி மாமா ஆலங்குடாவில் மற்றவர்களின் வள்ளங்களில் பத்தொன்பது வருடம் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். இப்போது முதல்முறையாகச் சொந்த வள்ளம் இறக்கப் போகிறார். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, மீன் வரத் தொடங்கும் நேரம். பெயர்தான் பாக்கி. எங்கள் கரையில் அந்தோனியார் பெயரில் ஏழு வள்ளம், செபஸ்தியார் பெயரில் ஐந்து. மாமாவுக்கு எட்டாவது அந்தோனியாராக இருக்க விருப்பமில்லை.

“ஒருத்தன்ட வள்ளத்திலயும் இல்லாத பேரா ஒண்டு சொல்லு மருமகன். நீ படிச்சவன்” என்றார்.

அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னேன். எந்தப் புயலாலும் தொடமுடியாத கப்பல் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. மேலே புயலடித்தபோதெல்லாம் கப்பல் கீழே இருந்தது என்ற விவரத்தை மட்டும் இடப்பற்றாக்குறையால் விட்டுவிட்டேன். மதுரங்குளியிலிருந்து வந்த பெயின்டர் நிஸாம் நானா, வெள்ளை விளிம்பு வைத்த நீல எழுத்தில் முன்பக்கத்தின் இருபுறமும் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தார். மாமா அன்று மாலை முழுதும் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் தீர்த்தத்தோடு கரைக்கு வந்தார். நாற்பது பேரளவில் கூடியிருந்தோம். மாமாவோடு தொழிலுக்கு வர ஒத்துக்கொண்டிருந்த மார்சலின் அண்ணனும் அவருடைய தம்பிமார் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வள்ளத்தின் பக்கத்தில் நின்றார்கள். ஃபாதர் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இது எந்தப் புனிதர் என்று கேட்டார். மாமா பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டினார்.

ஒரு வசனத்தில் முடித்திருக்கலாம். நான் பதினொரு நிமிடம் பேசினேன். (அடுப்பில் சோற்றை விட்டுவந்த றோஸ் மாமி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.) விமானம் பறக்காத காலத்திலேயே சந்திரப் பயணம் எழுதியவர் என்றேன். சின்ன வயதில் இவரைப் படித்ததால்தான் இந்தத் துறைக்கு வந்தோம் என்று விஞ்ஞானிகளும் கப்பல் கட்டுபவர்களும் சொல்லியிருப்பதாக விளக்கினேன். கடைசியாக, அவருடைய படைப்புகளிலேயே சிறந்தது கடலுக்கு அடியில் போகும் இந்தக் கப்பல்தான் என்று கையை வள்ளத்தின் மேல் வைத்தேன்.

யாரும் கைதட்டவில்லை. மார்சலின் அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

“அடியில எண்டா, எவ்வளவு நேரம் தம்பி?”

“நாள்கணக்கா நிக்கும் அண்ணன்.”

“உள்ள இருக்கிற ஆக்கள்?”

“அவங்களும்தான்.”

“கடைசியில கரைக்கு வந்ததா?”

செய்தியாளன் உண்மையைத் திரிக்கக்கூடாது என்று எனக்கு அந்த ஐந்து மாதமும் சொல்லித் தந்திருந்தார்கள்.

“இல்ல. கப்டன் உள்ளுக்கே செத்துப்போனார். கப்பலும் அவரோட தாழ்ந்திட்டுது. ஆனா அது இந்த நாவலில இல்ல, அடுத்ததில.”

மார்சலின் அண்ணன் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். தம்பிமாரும் போட்டுக்கொண்டார்கள். மூன்று பேரும் வலைகள் வைக்கும் வாடிப் பக்கம் நடந்தார்கள். ஃபாதர் சற்று யோசித்தார். பிறகு பெயர் இருந்த முன்பக்கத்தில் ஒரு துளி படாமல் இன்ஜினுக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும் தீர்த்தம் தெளித்தார்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இது தாழுற கப்பல் எண்டு உனக்கு முன்னமே தெரியுமா?”

“ஓம் மாமா.”

“ரெண்டு புத்தகத்தையும் படிச்சிருந்தனீ?”

“ஓம்.”

படிக்காமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார் என்று முகத்தில் தெரிந்தது.

நிஸாம் நானா திரும்பி வந்து எழுத்தைச் சுரண்டி, மேலே புனித அன்னம்மாள் என்று எழுதினார். அடுத்தமுறை முதலில் பென்சிலால் எழுதிப் பார்ப்போம் என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆனாலும் கரையில் ஒருவரும் அந்த வள்ளத்தில் கால் வைக்கச் சம்மதிக்கவில்லை. பக்கத்து வள்ளங்கள் கூடைகூடையாய்ப் பாரை மீன் இறக்கின. மாமா தன் வள்ளத்தின் நிழலில் இருந்து, கிழியாத வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் மார்சலின் அண்ணன் ஒரு நிபந்தனை அனுப்பினார்: பேர் வைத்தவன் முதலில் போய்த் திரும்பி வரட்டும்.

நான் கொழும்பிலிருந்து மறுபடியும் லீவு போட்டு வந்தேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் நான். கரை மறைய முன்பு ஒருதரம், மறைந்தபின் நாலுதரம் வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் மாமா, காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கைகாட்டினார். விடிந்து கரைக்கு வந்தபோது இரண்டு பேர் என்னைத் தூக்கி இறக்கினார்கள். மார்சலின் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவனையே உயிரோடு கொண்டுவந்து விட்டதென்றால் வள்ளத்தில் பிழையில்லை என்று முடிவு சொன்னார். அடுத்த நாள் மூன்று பேரும் ஏறினார்கள்.

அந்த எழுத்தாளரின் செல்வாக்கு உலகமெங்கும் பரவியது என்பார்கள். ஆலங்குடாவுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். அன்னம்மாளைக் கரையில் இன்னும் “முங்குறவள்” என்றுதான் சொல்கிறார்கள். அவள் ஒருநாளும் முங்கவில்லை.

போன வருடம் சிலாபம் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். மாமா இரண்டு பஸ் மாறி வந்தார். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்கவில்லை. கட்டிலருகே குனிந்து, என் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, “பேர் இவன் வைக்கல்லதானே பிள்ளை?” என்றார்.