மடியில் வந்த களிமண்

சிங்கப்பூரில் களிமண்ணுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தாலாட்டு அண்ணன்தான். துவாஸில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மண் அடைத்த குழாயை யாராவது 'டொக்'கென்று மேசையில் வைத்துவிட்டால் போதும், அன்று முழுக்க அந்த ஆளோடு பேச மாட்டார். தான் தூக்கும்போது கைக்குழந்தையைப் போல ஏந்தி நடப்பார். அதனால் வந்த பெயர்.

நான் அப்போது வேலைக்குப் புதுசு. சாங்கியில் ஒரு கட்டுமான இடத்தில் துளைக்குள் இரும்புத் தகடுகளை இறக்கி, மேலே கைப்பிடியைத் திருகி, களிமண் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தேன். அதே மண் குழாயில் அடைபட்டு லாரியில் துவாஸுக்குப் போனது. அங்கே அளந்தால் பலம் பாதிதான்!

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவசரமாத் திருகினா நம்பர் கூடத்தான் வரும். இல்ல, நீயே எழுதிட்டியா? நாளைக்குள்ள ரெண்டும் ஒத்து வரலைன்னா ஊருக்குக் கிளம்பு."

அண்ணன் ஒருவர்தான் கேட்டார்.

"பொறுமையாத்தானே திருகினே?"

"சத்தியமாண்ணே."

"அப்ப தப்பு லாரி மேல. அப்படிக் குலுக்கிக் கொண்டாந்தா களிமண்ணுக்கு ஏது பலம்? நாளைக்கு நான் வரேன்."

மறுநாள் காலை தலையணையோடு வந்து நின்றார். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுக் குழாய் எடுத்தோம். லாரியின் முன்சீட்டில் தலையணையை மடியில் போட்டு, குழாயை நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொண்டார். பள்ளம் வந்தால் குழாயைத் தூக்கிப் பிடித்து, குலுக்கலையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார்.

ஈசூன் பேட்டைக்காரரான உள்ளூர் டிரைவர் பொறுமை இழந்தார். "அண்ணே, பின்னால ஹாரன் அடிக்கிறான் லா! நான் ஓட்டுறது லாரி, பல்லக்கு இல்ல!"

"அடிக்கட்டும். நீ மெதுவாப் போ."

தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இதே கூத்துதான். துவாஸ் வந்தபோது கால் மரத்துப்போய் அவரால் இறங்க முடியவில்லை. தாங்கப் போனேன்.

"என்னை விடு! முதல்ல குழாயைப் பிடி!"

பிடித்தேன். அவர் படியில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

மாலையில் கூடத்து அளவு வந்தது. கிட்டத்தட்ட என் அளவேதான். மானேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வேலையைப் பாரு" என்றார். நான் அழுதேவிட்டேன். அண்ணன் முழங்கையில் பிளாஸ்டரோடு குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று என் வேலை தப்பியது. ஆனால் இன்றைக்கு நினைத்தாலும், முதலில் அவரைத்தான் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.