மிருதங்கத்தில் அடித்த பெரட்டு

பெண் வீட்டாரிடம் பொய் சொல்லத் துணிந்தவன், அவர்களால் சரிபார்க்க முடியாத பொய்யாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கம் பத்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். கப்பலேறிப் போய் யார் பார்க்கப்போகிறார்கள்? நானோ எனக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். (உத்தியோகம் என்பது நான் வைத்த பெயர். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களை எண்ணிப் பேர் போடுவதுதான் வேலை.) பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த வைத்திலிங்கம் பிள்ளையின் மகள் செண்பகத்தை எனக்குப் பேசினார்கள். அவளைக் கடை வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளைக்கு பஜனை என்றால் உயிர். "சங்கீதம் உண்டா தம்பி?" என்று கேட்டார்.

"மிருதங்கம் வாசிப்பேங்க" என்றது என் வாய்.

"நல்லதாப் போச்சு. ஆடித் திருவிழாவுல எங்க கோஷ்டிக்கு வாசிங்க. கேட்டுட்டு மேற்கொண்டு பேசுவோம்."

ஆடிக்கு மூன்று மாதம் இருந்தது. மிருதங்கம் சுலபமாகக் கிடைத்தது. வாத்தியார்தான் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரகல ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிப்போய்த் தேடினேன். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா, "ஒரு வாத்தியார் ஈந்தார் தம்பி. குளிர் ஒத்துக்கொள்ளல்லண்டு இந்தியாவுக்குப் போய்ட்டார்" என்றார். பதுளையில் ஒரு நட்டுவனார் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் மூன்று வருடம் வாயால் சொல் கட்டச் சொன்னார், அதன் பிறகு தோலைத் தொடலாமாம். அதற்குள் செண்பகத்துக்கு இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கும், வேறு யாருக்காவது.

கடைசியில் சொந்தத் தோட்டத்து சின்னாண்டியிடம் போய் நின்றேன். எங்கள் தோட்டத்தில் மணி கிடையாது. விடிவதற்கு முன் சின்னாண்டி அடிக்கும் தப்புதான் மணி. கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, ஆட்களை எழுப்பி வேலைக்கு வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்கு ஓர் அடி. எதற்கு எது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"சின்னாண்டி, மிருதங்கம் சொல்லிக் குடுப்பியா?" (என் தகப்பன் வயது ஆளை அன்று நான் நீ என்றுதான் பேசினேன்.)

"அத நான் தொட்டதே இல்லீங்களே ஐயா."

"தோலுதானே?"

அவர் மிருதங்கத்தை முகர்ந்து பார்த்தார். "தோலுதானுங்க" என்றார்.

தப்படிக்கிறவரிடம் பாடம் கேட்கிறேன் என்று வெளியே தெரிந்தால் என் கௌரவம் என்ன ஆவது? அதனால் யார் காதிலும் விழாதபடி அருவிக்குப் பக்கத்தில் பாடம் நடந்தது. அந்த இரைச்சலில் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. நன்றாக வாசிக்கிறேன் என்ற நம்பிக்கை எனக்கு அப்படித்தான் வந்தது. "கை வலுக்கணும்ங்க. மொதல்ல பெரட்டு அடிங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார் சின்னாண்டி. பெரட்டு வந்தது. மற்றதெல்லாம் வரவே இல்லை.

பதுளைக்கு அப்போது ரயில் கிடையாது. பண்டாரவளையிலிருந்து மாட்டுவண்டியில் போனோம். சின்னாண்டி மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோயிலுக்குள் அவரை விடாத காலம். மண்டபத்துக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டார்.

அன்னதானம் முடிந்த வேளை. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்த சனம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மண்டபம் முழுக்கச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பாட ஆரம்பித்தார். முதல் பாட்டில் பயந்து பயந்து தட்டினேன், தப்பித்தேன். இரண்டாவது பாட்டில் அவர் வேகம் பிடித்தார். என் கைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த ஒன்றே ஒன்றை அடிக்க ஆரம்பித்தன.

மண்டபம் எழுந்து நின்றது. ஆண்கள் கண்ணைத் திறக்காமலே துண்டை உதறித் தலையில் கட்டினார்கள். பெண்கள் முதுகுப்பக்கம் கூடையைத் தேடினார்கள். ஒரு கங்காணி தூக்கத்திலேயே, "எந்திரிங்க, எந்திரிங்க, தொரை வந்துருவாரு" என்று விரட்டினார். நான் பயத்தில் இன்னும் பலமாக அடித்தேன். மொத்தச் சனமும் வெளிப்பிராகாரத்தில் வரிசையாகப் போய் நின்றது. "இன்னைக்கு எந்த மலையிலங்க கொழுந்து?" என்று ஒரு அம்மா அர்ச்சகரிடம் கேட்டாள்.

பிள்ளை தாளத்தைக் கீழே வைத்தார். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க தம்பி?"

"தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான் ஒருத்தர்கிட்டங்க" என்றேன்.

நான் சொன்னது சின்னாண்டியின் காதில் விழவில்லை. மகிழ்ச்சி தாங்காமல் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "ஐயா கை நல்லா விழுந்திருச்சுங்க. கடைசி அடி மட்டும் கொஞ்சம் இழுக்குது, ஞாயித்துக்கிழமை சரி பண்ணிருவோம்."

பிள்ளை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாட்டிப் பரவாயில்ல தம்பி. பக்கத்துல நிக்கிற குருவையே இல்லேங்கிறீங்க. நாளைக்கு என் பொண்ண யாருன்னு சொல்லுவீங்க?"

அத்தோடு சம்பந்தம் முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் சின்னாண்டி அந்தக் கடைசி அடியைத் தன் தொடையில் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்தது, செண்பகத்துக்காக மட்டும் அல்ல. மிருதங்கத்தை அவர் மடியிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து ராசம்மாவைக் கட்டினேன். இந்தத் தடவை பொய்யே வேண்டாம் என்று நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அதைவிடப் பத்து பொய் சொல்லியிருக்கலாம். சின்னாண்டியிடமே போய் அந்தப் பெரட்டு அடியைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள், அதுவும் ஒரே வாரத்தில். விருந்தாளி எழுந்து போக மாட்டேன் என்றால் அவள் விரல்கள் கதவுப் பலகையில் மெதுவாகத் தட்ட ஆரம்பிக்கும்.

வேலையை விட்ட பழைய கங்காணி ஒருவர் போன மாதம் வந்து, காலையிலிருந்து தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே பலகை பேசியது. பாதிப் பேச்சில் எழுந்தார், குடையை எடுத்தார், வாசல் படலை வரைக்கும் போய்த் திகைத்து நின்றார்.

"நான் எதுக்கு இப்பப் பொறப்பட்டேன்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.