டக் பாய் எழுதிய லீவு லெட்டர்

ஓசூரில் கடல் இல்லை என்று டக் பாயிடம் வாதாடி ஜெயித்தவர் எவரும் இல்லை. எண்பதுகளில், மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பம்பு கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதற்கு முன்னால் கொச்சி கடற்படைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும் முட்டித் தள்ளியும் கரைசேர்க்கும் ‘டக்’ என்ற குட்டிக் கப்பலில் பதினெட்டு வருஷம்.

“உங்க டக்கு எந்தச் சண்டைக்குப் போச்சு பாய்?” என்று கேண்டீனில் சீண்டுவோம்.

“சண்டைக்குப் போறவன வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது எங்காளு. அடிபட்டு வந்தவனக் கையப் புடிச்சுக் கூட்டியாந்ததும் எங்காளு. பேருகூடக் கெடையாது, வெறும் நம்பருதான்.”

“மெடல் குடுத்தாங்களா?”

“இடது பக்கம் ஒரு சொட்ட இருக்கு. பெரிய கப்பல் ஒண்ணு அவசரத்துல இடிச்சது. அதான் மெடலு!”

டக்கில் இருப்பதுபோலவே ஃபோர்க்லிஃப்டைச் சுற்றிலும் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருந்தார். ஒருநாள் கர்நாடகா லாரி கோணலாக ரிவர்ஸ் வந்தது. பாய் போய் அதன் விலாவில் டயரால் ஒரு முட்டு முட்டினார். டிரைவர் குதித்து இறங்கி, “ஏன் மாட்தியப்பா!” என்று கன்னடத்தில் அலறினான். திரும்பிப் பார்த்தால் லாரி, சரக்கு ஏற்றும் மேடையோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. மறுவாரத்திலிருந்து அவன் ரிவர்ஸ் எடுப்பதையே விட்டுவிட்டு, “டக் சாப் எல்லி?” என்று பாயைத் தேடிக்கொண்டு வந்தான்.

அப்புறம் கொச்சியிலிருந்து கடிதம் வந்தது. டக்குக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். கொடி இறக்கும்போது பழைய ஆட்கள் வரலாம். பாய் நான்கு நாள் லீவு கேட்டு எழுதினார்: ‘காரணம்: என் டக் ஓய்வு பெறுகிறது. நான் கூட நிற்க வேண்டும்.’

டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். எங்கள் கம்பெனியில் லீவு கிடைக்க யாராவது செத்தாக வேண்டும். புதுப்பட ரிலீசுக்காக என் தாத்தாவையே மூன்று முறை கொன்றிருக்கிறேன்.

“மாமா மவுத்துன்னு எழுதுங்க பாய், நான் பாத்துக்கறேன்.”

“மாமா ராயக்கோட்டைல தக்காளி வித்துட்டிருக்காரு தம்பி, அந்தாள ஏன் சாவடிக்கணும்? பொய் சொல்லிட்டுப் போயி அந்த டக்கு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

மேனேஜர் படித்தார். “இரும்புக்கெல்லாம் லீவாய்யா?” என்று சிரித்து, சிவப்பு மையில் அடித்தார். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.

கொடி இறக்கும் நாள். காலை பத்து மணிக்கு பாய் வண்டியை நடுமுற்றத்தில் நிறுத்தினார். ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தார். பிறகு இறங்கி, டயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார். அதன்பின் அவற்றை மாட்டவே இல்லை. டக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கர்நாடகா டிரைவர் தேடி வந்தபோது, “நீயே ரிவர்ஸ் எடுத்துக்கப்பா” என்றார்.

அந்தக் கம்பெனியை விட்டு வரும்போது நான் எடுத்துவந்தது அந்த லீவுச் சீட்டு ஒன்றைத்தான். சிவப்புக் கோட்டுக்குக் கீழே ‘நான்கு நாள், அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன், பாய்.