பதில் வராத வீட்டுக்கு சைபர்

புதிதாகக் கற்ற வித்தையைச் சொந்தக்காரர்களிடம் காட்டவே கூடாது. நான் காட்டினேன்.

அக்கா மகனுக்குத் திருக்கழுக்குன்றத்தில் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் பந்திப் பொறுப்பு எனக்கு. அப்போதுதான் ஒரு புது கணினி நிரல்மொழி படித்திருந்தேன் (படித்தது பாதி, பீற்றிக்கொண்டது முழுசு). எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கணக்குப் போட ஒரு செயலி எழுதி, வருகிறவர்கள் கணக்கை அதில் போடச் சொல்லி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டுக்கு ஒரு டியூபிள்: பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, இரண்டும் ஒரே அடைப்புக்குறிக்குள். பதில் வராமலும் போகலாம் அல்லவா? அதனால் அதை ஆப்ஷனல் ஆக்கினேன். மூடிய டப்பா மாதிரி. உள்ளே எண்கள் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சைபர், சைபர் என்று வைத்துக்கொள் என்று எழுதிவிட்டேன்.

கணக்கு கச்சிதமாக வந்தது. ஒரே அண்டா பிரியாணி போதுமாம்.

காது குத்தி முடிவதற்குள், கருங்குழியிலிருந்து அக்காவின் மாமியார் வீட்டார் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பதில் போட்டிருக்கவில்லை.

"எத்தினி பேர் வர்றீங்கன்னு ஃபோன்ல கேட்டிருந்தேனே, அத்தே?" என்றேன்.

"உங்கக்கா வூட்டாண்ட வந்து பாக்கு வெச்சு கூப்ட்டுச்சு. அப்பால இன்னா கேள்வி?" என்றார் அக்காவின் மாமியார். "வர்லைன்னாதான்பா சொல்லணும்."

அக்கா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது. "மொத பந்தியோட சோறு காலிடா. அவங்க பட்டினியா திரும்பிப் போனா, அந்த வூட்ல நான் எப்டி தலை நிமிந்து நடப்பேன்?"

ஆட்டோ பிடித்து மாமல்லபுரம் ஓடினேன். அவ்வளவு பேருக்கு உடனே போட்டுத் தர ஒப்புக்கொண்டது, வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஒரே ஒரு கடைதான். ஆக, சம்பந்தி வீட்டார் இலையில் வாழைப்பழ பான்கேக் விழுந்தது. தயிர்ப் பச்சடி இடத்தில் பாஸ்தா.

"இன்னாப்பா இது, தோசைக்குள்ள வாழப்பழம் கீது?" என்றார் அக்காவின் மாமனார். அத்தை ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"நல்லாத்தான் கீது. இன்னொண்ணு வையி."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

இன்றைக்கும் கருங்குழியில் எந்த விசேஷம் என்றாலும், என் இலையில் மட்டும் முதலில் வாழைப்பழத் தோசை விழுகிறது. இன்னொன்று வேணுமா என்று கேட்பார் அத்தை. நான் வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அதுவும் விழுந்துவிடும்.

"பதிலே வர்லியே, அப்போ வேணும்னுதான் அர்த்தம்!"